முஹம்மத் அலி சொன்னால் அது மார்க்கமா?



இரண்டு வாரமாக நம் வட்ஸ்அப் குழுக்களில் குத்துச்சண்டை வீரர் முஹம்மத் அலியின் பழைய வீடியோ ஒன்று சுற்றுகிறது. 1971இல் பிபிசியில் மைக்கல் பார்க்கின்சனுக்குக் கொடுத்த பேட்டி. நீலக் குருவி நீலக் குருவியோடுதான் சேரும், புறா புறாவோடுதான் சேரும், மனிதனும் தன் இனத்துக்குள்தான் கலியாணம் முடிக்க வேண்டும், பிள்ளை தன்னைப் போலவே இருக்க வேண்டும் என்கிறார். கீழே யாரோ "இதுதான் இஸ்லாம்" என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு வரிசையாக மாஷா அல்லாஹ் வேறு.

அது இஸ்லாம் இல்லை. படித்த ஆட்களும் பேசாமல் இருப்பதால் நாங்கள் எழுத வேண்டியிருக்கிறது.

அலியைக் குறைத்துப் பேச வரவில்லை. 1967இல் வியட்நாம் யுத்தத்துக்குப் போக மாட்டேன் என்று நின்று, பட்டத்தையும் வாலிபத்தின் மூன்றரை வருடத்தையும் இழந்த மனிதர். பிள்ளைகளுக்கு இன்றும் அவர் கதையைச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் அந்தப் பேட்டியில் பேசியது அவருடைய தலைவர் எலைஜா முஹம்மதின் பாடம். வெள்ளையர்கள் யாகூப் என்ற ஒரு விஞ்ஞானி உண்டாக்கிய ஷைத்தான்கள் என்று போதித்த இயக்கம் அது. நம் மத்ரஸாவில் ஒரு உஸ்தாத் இப்படிப் படித்துக் கொடுத்தால் மறுநாள் அவருக்கு வேலை இருக்காது.

அவர் ஏன் அப்படிப் பேசினார் என்பது விளங்காமலில்லை. எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினப் பையனை, ஒரு வெள்ளைப் பெண்ணைப் பார்த்து விசிலடித்தான் என்று 1955இல் மிசிசிப்பியில் அடித்துக் கொன்றார்கள். அலிக்கு அப்போது வயது 13. கலப்புத் திருமணத்தைத் தடுத்த சட்டங்கள் 1967 வரை அமெரிக்காவின் 16 மாநிலங்களில் இருந்தன. அந்தக் காயத்திலிருந்து வந்த பேச்சு அது. காயம் மார்க்கமாகாது.

வீடியோவை வெட்டியவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள். 1975இல் ஒரு சஞ்சிகைப் பேட்டியில், வெள்ளைப் பெண்ணோடு பழகும் கறுப்பு ஆணைக் கொல்ல வேண்டும் என்றே அலி பேசியிருக்கிறார். அதற்கும் மாஷா அல்லாஹ் போடுவீர்களா?

மல்கம் எக்ஸ் 1964இல் ஹஜ்ஜுக்குப் போய், எல்லா நிறத்தவரோடும் ஒரே தட்டில் சாப்பிட்டு, மனம் மாறித் திரும்பினார். அப்போது அவரை விட்டு விலகியவர்களில் அலியும் ஒருவர். பிற்காலத்தில் எழுதிய நூலில் அதைத் தன் வாழ்வின் பெரிய தவறுகளில் ஒன்றாகச் சொல்லி வருந்தினார். எலைஜாவின் மரணத்துக்குப் பிறகு அலியும் அந்தக் கொள்கையை விட்டு நம் வழிக்கு வந்தார். 2009இல் அயர்லாந்தின் எனிஸ் நகரத்துக்கும் போனார். அங்கிருந்து அமெரிக்கா போன வெள்ளைக்காரர் ஏப் கிரேடி, ஒரு கறுப்பினப் பெண்ணை முடித்தவர், அலியின் கொள்ளுத்தாத்தா. குருவிக் கணக்கைப் பார்த்திருந்தால் அலியே பிறந்திருக்க மாட்டார்.

இப்போது நம் பக்கம் வருவோம். இந்த வீடியோ சும்மா வரவில்லை. எங்களிடம் படித்த ஒரு பிள்ளைக்குச் சம்பந்தம் பேசி, நாள் குறிக்கும் நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினார்கள். காரணம், பிள்ளையின் உம்மா சிங்களவராகப் பிறந்தவர். அவர் கலிமா சொல்லி இருபத்தைந்து வருடம் தாண்டிவிட்டது. மையித்து வீடென்றால் முதலில் வந்து பாத்திரம் கழுவ நிற்பவர் அவர்தான். "எங்கட பேரப்புள்ளைகள் யார மாதிரி இருக்கும்?" என்று கேட்டார்களாம். அன்றிரவே குழுவில் அலியின் வீடியோ வந்தது. அந்தப் பிள்ளையும் அதே குழுவில்தான் இருக்கிறாள்.

மார்க்கம் மாறிய கலியாணத்தைப் பற்றி நாங்கள் பேசவில்லை, அது வேறு விடயம். இங்கே இரண்டு பக்கமும் முஸ்லிம்கள். குஃபு பார்க்க வேண்டாமா என்று ஒரு நானா கேட்டார். குஃபு என்பது பெண்ணுக்கும் அவளுடைய வலிக்கும் கொடுக்கப்பட்ட பாதுகாப்பு. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைத் தள்ளிவிடுவதற்கு அதைத் தூக்குவது எந்த நியாயம்? குறைஷிக் குலத்துப் பெண் ஃபாத்திமா பின்த் கைஸுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன மாப்பிள்ளை உஸாமா. விடுதலையான அடிமை ஸைதுக்கும் அபிசீனியப் பெண் உம்மு ஐமனுக்கும் பிறந்த கறுத்த வாலிபர். முதலில் அவருக்கு விருப்பமில்லை. பிறகு முடித்து, சந்தோஷமாக வாழ்ந்ததாக அவரே சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது.

நாம் மட்டும் என்ன, ஒரே நிறத்துக் குருவிகளா? வியாபாரத்துக்கு வந்த அறபிகள் மனைவிமாரைக் கப்பலில் கொண்டு வரவில்லை. வீட்டிலுள்ள பழைய காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கள். கண்டிப் பகுதி முஸ்லிம் குடும்பங்களுக்குக் 'கெதர' என்று முடியும் சிங்கள வாசகமப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? லோர்னா தேவராஜா 1994இல் வெளியிட்ட நூலில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார். 2018 மார்ச்சில் திகனயில் நம் கடைகளுக்குத் தீ வைத்தவர்களும் அவரவர் இனம் அவரவரோடு என்றுதான் நினைத்தார்கள். அன்றைக்கு அது இனவாதம் என்று அழுதோம்.

குழு நிர்வாகிகளே, அந்த வீடியோவை இன்றே அழியுங்கள். பகிர்ந்தவர், வரும் ஜும்ஆ முடிந்ததும் அந்த உம்மாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரட்டும். தனியாகப் போக வெட்கமென்றால் நாங்களும் கூட வருகிறோம்.