விரல் காய்க்கட்டும் என்னும் பொய்

கிற்றார் பழகும் பிள்ளையின் விரல் நுனி முதலில் புண்ணாக வேண்டும், பின்னர் காய்க்க வேண்டும், அதன் பிறகே இசை கைவரும் என்று நம் ஊரில் ஒரு வேதவாக்கு உலவுகிறது. மாத்தளை நகரின் மாலை வகுப்புகளில் இதைச் சொல்கிறார்கள். இரத்தோட்டையிலும் உக்குவளையிலும் வீட்டு முன்னறையில் நாலு பிள்ளைகளைச் சேர்த்துக் கற்றுக்கொடுப்பவர்கள் சொல்கிறார்கள். கிற்றாரைக் கையால் தொட்டேயிராத அப்பாமாரும் சொல்கிறார்கள். "வலிக்குதா? அப்படித்தான் வலிக்கும். பழகு."

இந்த வாக்கில் கால்பங்கு உண்மை. மீதி முக்கால்பங்கு சோம்பல். விற்பவரின் சோம்பல், கற்பிப்பவரின் சோம்பல்.

கால்பங்கை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உருக்குத் தந்தியை அழுத்திப் பழகாத விரல் முதல் சில வாரங்கள் நோகும், பின்பு தோல் தடிக்கும், நோவு நிற்கும். இதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் மூன்று மாதம் கழிந்தும் ஒரு பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு தந்தியை அழுத்துகிறது என்றால், குற்றம் விரலில் இல்லை. மரத்தில் இருக்கிறது.

நம் மண்ணின் வாத்தியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துத் திருவிழாவில் தப்பு அடிப்பவர்கள் வந்து நின்றவுடன் அடித்துவிடுகிறார்களா? ஓர் ஓரத்தில் சருகையும் கடதாசியையும் கூட்டி நெருப்பு மூட்டி, தோலைக் காய்ச்சி, தட்டிப் பார்த்து, மறுபடி காய்ச்சி, நாதம் எழுந்த பின்னர்தான் சாமி முன்னால் போகிறார்கள். லயத்தில் பிறந்த ஐந்து வயதுக் குழந்தைக்கும் இது தெரியும். மிருதங்கக்காரர் இடப்பக்கத்தில் ரவையைப் பிசைந்து ஒட்டுகிறார், வலப்பக்கத்தின் விளிம்பைக் கல்லால் தட்டிச் சுருதி கூட்டுகிறார். நாதஸ்வரக்காரர் நாலைந்து சீவாளிகளைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, அன்றைக்கு எது பேசுகிறதோ அதைச் செருகுகிறார். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் நிற்பவை. மெழுகு இளகினால், மெட்டு நகர்ந்தால், மேளம் கட்டத் தெரிந்தவரைத் தேடிப்போய்க் கட்டிக்கொண்டு வருகிறோம். "மேளம் கலைந்த வீணையிலேயே வாசித்துப் பழகு, கை தானாகச் சரியாகும்" என்று சொல்லும் வீணை ஆசிரியரை இந்த மாவட்டத்திலே ஒருவர் காட்டட்டும்.

கிற்றாருக்கு மட்டும் ஏன் வேறு நீதி? அது பெட்டியில் வருகிறது. பெட்டியில் வரும் பொருள் முடிந்த பொருள் என்று நினைக்கிறோம். உண்மையில் அது முக்கால்வாசி முடிந்த பொருள். மலிவான கிற்றார்களைச் செய்யும் தொழிற்சாலைகள் தந்தியைச் சற்று உயரமாகவே விட்டு அனுப்புகின்றன. உயர்ந்த தந்தியைப் பின்னர் இறக்கிவிடலாம். தாழ்ந்து போய் மெட்டில் உரசி இரையும் தந்தியோடு வந்த கிற்றாரைக் கடையிலேயே எவரும் வாங்கமாட்டார். கடைசி வேலையை விற்பவர் செய்வார் என்பது இதிலுள்ள எதிர்பார்ப்பு. வெளிநாடுகளில் நல்ல கடைகள் அதைச் செய்துதான் கொடுக்கின்றன. இங்கே பெட்டியை வெட்டித் திறந்து, தூசு தட்டி, காசை வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுகிறோம்.

வலி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளப் பாடசாலை அடிமட்டம் ஒன்று போதும். கழுத்தில் பன்னிரண்டாவது மெட்டின் மேல் அடிமட்டத்தை நிறுத்தி, மெட்டின் உச்சிக்கும் தந்தியின் அடிக்கும் இடையிலான தூரத்தைப் பாருங்கள். தடித்த தந்தியில் ஏறத்தாழ 2.4 மில்லிமீற்றர், மெல்லிய தந்தியில் 1.6 முதல் 1.8 வரை இருந்தால் அது வாசிக்கத் தக்க கிற்றார். எனக்குத் தெரிந்த ஒரு தோட்டக் குடும்பத்தின் பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளையின் கிற்றாரை அளந்தபோது நாலு மில்லிமீற்றரைத் தொட்டது. அதைவிட மோசம், கழுத்தின் உச்சியில் தந்திகள் பள்ளங்களில் அமரும் சிறு வெள்ளைப் பட்டை. 'நட்' என்பார்கள். மூன்றாவது மெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு முதல் மெட்டின் மேலே பார்த்தால் ஒரு கடதாசி நுழையும் இடைவெளிதான் தெரியவேண்டும். இங்கே மடித்த அட்டையே நுழைந்தது.

அந்தப் பிள்ளையைக் குறித்து ஆசிரியர் சொன்ன தீர்ப்பு: "காது சரியில்லை. சுருதி சேரவில்லை." இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன். தந்தி உயரமாக இருந்தால் அதை மெட்டுவரை இறக்க அதிகம் அழுத்த வேண்டும். அழுத்தும்போது தந்தி இழுபடுகிறது. இழுபட்ட தந்தியின் சுருதி ஏறிவிடுகிறது. திறந்த தந்தியை எவ்வளவு துல்லியமாகக் கூட்டினாலும் முதல் மெட்டில் விரல் வைத்தவுடன் அது பிசகும். ஆக, பிள்ளையின் காது சரியாகத்தான் இருந்தது. தான் வாசிப்பது சேரவில்லை என்று அவளுக்குத்தான் முதலில் கேட்டிருக்கிறது. ஆசிரியர் அதை அவள் மேலேயே திருப்பிவிட்டார். எஃப் என்னும் கோர்ட் வந்ததும் பாதிப்பேர் கிற்றாரைக் கைவிடுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லும் ஆசிரியர்கள், அந்தக் கோர்ட் முதல் மெட்டில், அதாவது உயர்ந்த நட்டின் காலடியிலேயே இருக்கிறது என்பதை யோசித்ததுண்டா?

கண்டியில் வாத்தியம் திருத்தும் ஒருவரிடம் கொண்டு போனோம். ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. நட்டின் பள்ளங்களை மெல்லிய அரத்தால் ஒவ்வொன்றாக, நாலு இழுப்புக்கு ஒருமுறை தந்தியை வைத்துப் பார்த்து, ஆழப்படுத்தினார். பின்பு குதிரையின் மேலுள்ள பிளாஸ்ரிக் பட்டையை உருவி, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்தார். பன்னிரண்டாவது மெட்டு தந்தியின் நடுப்புள்ளி. அங்கே ஒரு மில்லிமீற்றர் இறங்க, குதிரையில் இரண்டு மில்லிமீற்றர் தேய்க்க வேண்டும். கணிதம் அவ்வளவுதான். அவர் வாங்கிய கூலி ஒரு கட்டுத் தந்தியின் விலையைவிடக் குறைவு.

கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் அரைகுறை வைத்தியர்கள் கைவைக்கிறார்கள். தந்தியின் இழுவை சிறிதல்ல. உருக்குத் தந்திக் கட்டு ஒன்று 70 கிலோவுக்கு மேல் கழுத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது. அதை எதிர்த்து நிற்கத்தான் அந்தக் கம்பி. கிப்சன் நிறுவனம் 1920களின் தொடக்கத்திலேயே திருகக்கூடிய கம்பிக்குக் காப்புரிமை பெற்றது. பழைமையில் ஊறிய மார்ட்டின் நிறுவனமும் 1985இல் அதற்கு மாறியது. அது கழுத்தின் வளைவைச் சீராக்கும் கருவி. தந்தியின் உயரத்தை இறக்கும் கருவி அல்ல. கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகக் கூடாது. அதற்கான சாவி பல கிற்றார்களுடன் பெட்டியிலேயே வருகிறது. நம் பிள்ளைகளின் கைக்கு அது வந்து சேர்வதில்லை.

மறுப்புகள் எனக்குத் தெரியும். இறக்கினால் தந்தி இரையும் என்பார்கள். அளவு மீறி இறக்கினால் இரையும், உண்மை. அதற்காகத்தான் கைதெரிந்தவர் வேண்டும் என்கிறேன். நட்டில் பள்ளம் கூடிப்போனால் மீட்பது கடினம். சில கிற்றார்களில் கழுத்தே கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கும், குதிரையில் தேய்க்க இடமே இராது. அவற்றுக்கு மருந்தில்லை. ஆனால் அதைச் சொல்லவும் ஒருவர் அளந்து பார்த்திருக்க வேண்டுமே.

"மலிவுக் கிற்றாருக்கு இவ்வளவு ஆரவாரமா? நல்லதாக ஒன்று வாங்குங்கள்" என்பது அடுத்த மறுப்பு. 2022இன் முற்பகுதியில், இரண்டே மாதங்களில், டொலரின் விலை சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியது. இறக்குமதிப் பொருள் எதை வாங்கினாலும் அதன் சூடு கையில் பட்டது. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டதே 2024 செப்டெம்பரில்தான். அந்தக் கூலியில் ஒரு தாய் மிச்சம் பிடித்து வாங்கிய கிற்றாரைப் பார்த்து "வேறு வாங்குங்கள்" என்பவர்கள் கந்தேநுவரவுக்கோ எல்கடுவவுக்கோ ஒருமுறை போய்வரட்டும். அந்த வீட்டுக்கு இரண்டாவது கிற்றார் வரப்போவதில்லை. அதனாலேயே முதலாவது சரியாக இருக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு பண்பாட்டு வேடம் போட்டு வரும். கிற்றார் அந்நிய வாத்தியம், அதைப் பற்றி நமக்கென்ன என்பது. 1970களில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ.மனோகரனும் பொப்பிசை பாடித் திரிந்த நாட்டில் இதைச் சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். வயலின் மட்டும் எங்கிருந்து வந்தது? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். வந்த வயலினை நம்மவர்கள் வந்தபடியே விட்டார்களா? தரையில் உட்கார்ந்து, தலைப்பகுதியைப் பாதத்தில் ஊன்றி, சுருதிக் கட்டையே மாற்றி, நம் உடம்புக்கும் நம் இசைக்கும் ஏற்ப ஆக்கிக்கொண்டார்கள். மண்டலின் ஸ்ரீநிவாஸ் தன் வாத்தியத்தை ஐந்து தந்தி மின் மண்டலினாக மாற்றிக்கொண்டார். வாத்தியத்தைக் கைக்கு வளைப்பதுதான் நம் மரபு. கையை வாத்தியத்துக்குப் பலிகொடுப்பது அல்ல. (தந்தி உயரமாக இருக்க வேண்டிய கிற்றாரும் உண்டு. மடியில் கிடத்தி, உருக்குத் துண்டால் வழுக்கி வாசிப்பது. விஸ்வமோகன் பட் 1994இல் கிராமி விருது வாங்கியது அவ்வகைக் கிற்றாரை மாற்றியமைத்த மோகன வீணையில்தான். நம் கடைகளில் விற்பனையாகும் பலவும் அதற்கு மிகப் பொருத்தம்.)

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. நக்கிள்ஸ் மலையடிவாரத்து ஈரமும் தம்புள்ளையின் காய்ச்சலும் ஒரே மாவட்டத்துக்குள். மரம் ஈரத்தைக் குடித்தால் கிற்றாரின் வயிறு மேலெழும்பும், அதன் மேலிருக்கும் குதிரையும் எழும்பும், தந்தி உயரும். மார்கழி மழைக்குப் பிறகு திடீரென்று "கை வரமாட்டேன் என்கிறது" என்று பிள்ளை சொன்னால் அதை நம்புங்கள். இதைவிடப் பெரிய அநியாயம், நைலோன் தந்திக்கென்றே செய்த கிற்றாரில் உருக்குத் தந்தி மாட்டிக் கொடுப்பது. நைலோன் கட்டின் இழுவை உருக்கினதில் பாதியளவுதான். அதற்கென்று செய்த மெல்லிய மரம் இரட்டைச் சுமையில் வளைந்து போகாமல் என்ன செய்யும்? சத்தம் பெரிதாக வரும் என்று மாட்டிவிடுகிறார்கள்.

கண்டிவரை போக வசதியில்லாதவர்கள் இன்றைக்கே, காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஆறு தந்திகளையும் ஒரு முழுச் சுரம் இறக்கிக் கூட்டுங்கள். இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். காப்போ என்னும் கவ்வியை எவரிடமேனும் இரவல் வாங்கி இரண்டாவது மெட்டில் மாட்டினால் பழைய சுருதியே கிடைக்கும், உயர்ந்த நட்டும் வழியிலிருந்து விலகிவிடும். அடுத்த முறை தந்தி மாற்றும்போது பன்னிரண்டுக்குப் பதிலாகப் பத்தாம் எண் மெல்லிய கட்டைக் கேளுங்கள்.

இதையெல்லாம் ஒரு கடைக்காரரிடம் சொன்னபோது, "இந்த வேலைக்கு யார் கூலி தருவது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள், பற்றுச்சீட்டில் தனி வரியாக எழுதுங்கள், பெற்றோர் தருவார்கள் என்றேன். ஆசிரியர்களிடம் கேட்பது இன்னும் எளிது. முதல் வகுப்பில் கட்டணத்தை வாங்கும் முன் அந்தக் கிற்றாரைத் தங்கள் மடியில் வைத்து, எஃப் கோர்ட்டை ஒரு நிமிடம் பிடித்துப் பார்க்கட்டும்.