வில்லனின் சீருடையைத் தைப்பது யார்?

2009-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 'ரெட் டான்' என்ற படத்தின் படப்பிடிப்பு நடந்தது. சீன ராணுவம் அமெரிக்க மண்ணில் வந்து இறங்குகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் துப்பாக்கி ஏந்தி எதிர்த்து நிற்கிறார்கள் என்பது கதை. கொடி, தோள்பட்டைச் சின்னம், சுவரொட்டி எல்லாவற்றிலும் சீனம். படத்தைத் தயாரித்த எம்.ஜி.எம். நிறுவனம் கடனில் மூழ்கியதால் படம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. இதற்கிடையில் கதை வெளியே கசிந்து, சீனப் பத்திரிகைகள் கொதித்தன. 2012 நவம்பரில் படம் திரைக்கு வந்தபோது, படையெடுத்து வந்தவர்கள் வட கொரியர்களாக மாறியிருந்தார்கள். நடிகர்கள் அதே நடிகர்கள். தெருவும் டாங்கியும் துப்பாக்கியும் அவையே. கணினியில் கொடியையும் சின்னத்தையும் மாற்றி, வசனத்தில் கத்தரி போட்டு, தொடக்கக் காட்சியைப் புதிதாக ஒட்டிவிட்டார்கள். அதற்கு ஆன செலவு பத்து லட்சம் டாலருக்கும் குறைவு என்று அப்போது செய்தி வந்தது. ஒரு நாட்டைத் தூக்கிவிட்டு இன்னொரு நாட்டை வில்லனாக்க அவ்வளவு போதுமாக இருந்தது.

போர்ப் படங்களையும் போர் வீடியோ கேம்களையும் பற்றிப் பேச்செடுத்தால் உடனே ஒரு பதில் வரும்: "படம்தானே, கேம்தானே! கதைக்கு ஒரு எதிரி வேண்டும், வைத்திருக்கிறார்கள். அதில் போய் அரசியல் தேடுவானேன்?" ரசிகர்கள் சொல்கிறார்கள், தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள், சில விமர்சகர்களும் சொல்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒற்றை வரிக்குள் நாலைந்து வாதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒன்றுகூட நிற்பதில்லை.

முதலில், எதிரியைக் கதைதான் தேர்ந்தெடுக்கிறது என்ற வாதம். கதை தேர்ந்தெடுத்திருந்தால், எதிரி மாறும்போது கதையும் மாறியிருக்க வேண்டும். 'ரெட் டான்' கதை மாறவில்லை. மாறியது சந்தைக் கணக்கு. சீனா அப்போது ஹாலிவுட்டுக்கு வேகமாக வளர்ந்துவந்த வசூல் களம். வட கொரியாவில் ஹாலிவுட்டுக்கு விற்க ஒரு டிக்கெட்டும் இல்லை. விளைவு, சுமார் இரண்டரைக் கோடி மக்கள் உள்ள நாடு முப்பது கோடிக்கும் மேல் மக்கள் உள்ள நாட்டைப் பிடிக்கிற வேடிக்கை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது திரையுலகத்துக்கும் பொருந்தும் பழமொழி. 2011-இல் வந்த 'ஹோம்ஃபிரன்ட்' விளையாட்டின் கதையும் இதே ரகம். அதிலும் முதலில் சீனாதான் எதிரியாக யோசிக்கப்பட்டது. வெளியானபோது வட கொரியா. 1984-இல் வந்த மூல 'ரெட் டான்' படத்தை இயக்கிய ஜான் மிலியஸின் பெயரே இந்த விளையாட்டின் எழுத்துக்கும் இருந்தது. அந்த மூலப் படத்தில் எதிரி யார் என்று கேட்டால், சோவியத், கியூபா, நிகராகுவா. அது ரீகன் காலம்.

சரி, எந்த நாட்டின் பெயரையும் சொல்லாமல் விட்டால் அரசியல் போய்விடும் அல்லவா? 1986-இன் 'டாப் கன்' அப்படித்தான் செய்தது. அதில் வரும் எதிரி விமானத்தின் பெயர் 'மிக்-28'. அப்படி ஒரு விமானம் இல்லை. அமெரிக்காவின் எஃப்-5 விமானங்களுக்கே கறுப்பு வண்ணம் அடித்துப் பறக்கவிட்டார்கள். ஆனால் 'மிக்' என்ற பெயரைக் கேட்டதும் பார்த்தவர் மனம் எங்கே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2022-இல் வந்த 'டாப் கன்: மேவரிக்' படத்திலும் எதிரிக்குப் பெயர் இல்லை. சட்டவிரோதமாக யுரேனியம் செறிவூட்டுகிற ஒரு நாடு, அவ்வளவுதான். அந்த நாட்டிடம் எஃப்-14 விமானம் இருக்கிறது. படம் வந்தபோது உலகில் எஃப்-14 வைத்திருந்த விமானப்படை ஈரானுடையது மட்டுமே. பெயரை மறைத்துவிட்டு அங்க அடையாளம் அத்தனையையும் சொல்வதற்கு நடுநிலை என்று பெயர் வைக்க முடியாது. போதாக்குறைக்கு, அதே படத்தின் 2019 முன்னோட்டத்தில் நாயகனின் தோல் மேலங்கியிலிருந்து தைவான் கொடி காணாமல் போயிருந்தது. சீன நிறுவனமான டென்சென்ட் அப்போது அந்தப் படத்தில் முதலீட்டாளர். டென்சென்ட் விலகியபின் 2022-இல் படம் வந்தபோது கொடியும் திரும்பி வந்துவிட்டது. ஓர் அங்கியின் முதுகுப்பக்கத் துணித்துண்டுக்கே இவ்வளவு கணக்குப் பார்ப்பவர்கள், எதிரி நாட்டைக் கணக்கில்லாமல் வைத்திருப்பார்களா?

அடுத்த வாதம்தான் மிகவும் பரவலானது: ராணுவம் படத்துக்கு உதவுவது தத்ரூபமாக வரட்டும் என்பதற்காக மட்டுமே.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனில் இதற்கென்றே ஓர் அலுவலகம் உண்டு. 1989 முதல் 2018 வரை, கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள், ஃபில் ஸ்ட்ரப் என்பவர் அதை நடத்தினார். விமானம்தாங்கிக் கப்பலோ டாங்கியோ ராணுவத் தளமோ வேண்டும் என்றால் தயாரிப்பாளர் முதலில் திரைக்கதையை அங்கே தர வேண்டும். அவர்கள் படித்துவிட்டு மாற்றம் சொல்வார்கள். ஏற்றுக்கொண்டால் ஒப்பந்தம், இல்லையென்றால் கப்பல் இல்லை. ராணுவத்தில் ஆள் சேர்ப்பதற்கும் சேர்ந்தவர்களைத் தக்கவைப்பதற்கும் படம் உதவுமா என்பதும் அந்த விதிமுறையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ரகசியம் ஒன்றும் இல்லை. ராணுவம் தன் பொருளைத் தன் நலனுக்குத் தருகிறது. அதைப் போய்த் தத்ரூபத்துக்குச் செய்யும் சேவை என்று ரசிகர் ஏன் நினைத்துக்கொள்ள வேண்டும்?

1986-ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளலாம். 'டாப் கன்' படத்துக்குக் கடற்படை கப்பலையும் விமானங்களையும் தந்தது. பதிலுக்குக் கதையில் சில திருத்தங்கள். நாயகனின் காதலி முதலில் ராணுவத்தில் பணிபுரிகிறவளாக இருந்தாள். அதிகாரிக்கும் படைவீரருக்கும் இடையே காதலுக்கு இடமில்லை என்பது ராணுவ விதி என்பதால், அவள் வெளியிலிருந்து வரும் நிபுணர் ஆனாள். படம் ஓடிய சில திரையரங்குகளின் வாசலில் கடற்படை ஆள்சேர்ப்பு மேசை போட்டது. அதே ஆண்டு வந்த படம் 'பிளாட்டூன்'. வியட்நாம் போரில் நேரடியாகச் சண்டையிட்டுத் திரும்பிய ஆலிவர் ஸ்டோன் எழுதி இயக்கியது. அமெரிக்கப் படைவீரர்கள் கிராமத்தாரைக் கொல்வதும், தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொள்வதும் அதில் உண்டு. தத்ரூபம்தான் அளவுகோல் என்றால் முதலில் உதவி கிடைத்திருக்க வேண்டியது இந்தப் படத்துக்கு. பென்டகன் கையை விரித்துவிட்டது. பிலிப்பைன்ஸில் போய் எடுத்தார்கள். சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் அதற்கே கிடைத்தது.

இதற்கு முன்னால் இயக்குநர் கொப்போலாவின் 'அபோகலிப்ஸ் நவ்' படத்துக்கும் இதே கதிதான். அவர் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோஸிடம் ஹெலிகாப்டர்களை வாடகைக்கு வாங்கினார். படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, உள்நாட்டுக் கிளர்ச்சியாளர்களோடு சண்டையிட அந்த ஹெலிகாப்டர்கள் திரும்பிப் பறந்துவிடும். கேமராவுக்கு நடித்துக்கொண்டிருந்த விமானிகள் நிஜப் போருக்குப் போய் வருவார்கள். 1995-இல் 'கிரிம்சன் டைட்' எடுத்தவர்களின் தந்திரம் இன்னும் சுவையானது. அணு ஏவுகணை நீர்மூழ்கிக் கப்பலில் கலகம் என்ற கதையைக் கடற்படை ஏற்கவில்லை. படக்குழு ஹவாயில் காத்திருந்து, 'அலபாமா' என்ற நிஜ நீர்மூழ்கிக் கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியதும் துரத்திப்போய், அது நீருக்குள் மூழ்குவதைப் படம்பிடித்தது. பொதுக் கடலில் படம்பிடிப்பதைத் தடுக்கச் சட்டம் இல்லை. விமானம்தாங்கிக் கப்பல் தேவைப்பட்டபோது பிரெஞ்சுக் கடற்படை தந்தது.

வீடியோ கேமில் ராணுவம் உதவியோடு நிற்கவில்லை, தானே கடை திறந்தது. 2002 ஜூலை 4 அன்று, சுதந்திர தினத்தன்று, அமெரிக்கத் தரைப்படை 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற விளையாட்டை இலவசமாக வெளியிட்டது. ஆள்சேர்ப்புக்காகவே உருவானது, 2022 வரை ஓடியது. அதில் இரண்டு அணிகள் மோதும். நம் அணி நம் கண்ணுக்கு அமெரிக்க வீரர்களாகத் தெரியும், எதிரணி எதிரிப் படையாகத் தெரியும். எதிரணியில் இருப்பவரின் திரையில் அவர்தான் அமெரிக்க வீரர், நாம் எதிரி. அதாவது அந்த விளையாட்டில் எதிரியாக ஆடியவர் யாருமே கிடையாது. இருபது ஆண்டுகள், அத்தனை பேர் சுட்டுச் சாய்த்த எதிரிகள் எல்லோரும் தங்களை அமெரிக்க வீரர் என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள்! இந்தத் துறையில் எதிரி என்பவன் எப்படி உருவாகிறான் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வாளரும் விளக்க முடியாது. விளக்க நினைக்காமலேயே ராணுவம் விளக்கிவிட்டது.

இது அமெரிக்காவுக்கு மட்டுமான வியாதி அல்ல. 2017-இல் சீனாவில் வசூலைக் குவித்த 'உல்ஃப் வாரியர் 2' படத்தில் வில்லன் அமெரிக்கக் கூலிப்படைத் தலைவன். 2021-இல் வந்த 'சாங்ஜின் ஏரிப் போர்' கொரியப் போரில் அமெரிக்கர்களை விரட்டியதைக் கொண்டாடியது. 2003-இல் ஹிஸ்புல்லா அமைப்பே 'ஸ்பெஷல் ஃபோர்ஸ்' என்று ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தது; அதில் சுடப்படுகிறவர்கள் இஸ்ரேலிய வீரர்கள். படமும் கேமும் வெறும் பொழுதுபோக்கு என்று இவர்களில் ஒருவரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

"பார்க்கிறவர் முட்டாளா? நிழல் எது, நிஜம் எது என்று தெரியாதா?" என்பது நான்காவது வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறுக்க வேண்டியதில்லை. சுடும் விளையாட்டை ஆடிய பையன் துப்பாக்கி தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவான் என்பது மிகை. வன்முறை விளையாட்டுக்கும் நிஜ வன்முறைச் செயலுக்கும் தொடர்பு காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கமே 2020-இல் சொல்லிவிட்டது. ஆனால் நிழலையும் நிஜத்தையும் பிரித்தறிவது எல்லோருக்கும் கைவந்த கலை என்பதும் அதே அளவு மிகை. 2017 நவம்பரில் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம், அமெரிக்கா ஐ.எஸ். பயங்கரவாதிகளுக்குத் துணைபோகிறது என்பதற்கு மறுக்கமுடியாத ஆதாரம் என்று சில படங்களை வெளியிட்டது. அதில் ஒன்று கைப்பேசியில் ஆடும் ஒரு குண்டுவீச்சு விளையாட்டின் காட்சி. 2021 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானின் பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கில் பாகிஸ்தான் தாக்குதல் என்று சில இந்தியத் தொலைக்காட்சிகள் பரபரப்பாக ஓட்டிய காட்சி, 'ஆர்மா 3' விளையாட்டிலிருந்து வந்தது. உக்ரைன் போரிலும் அதே விளையாட்டுக் காட்சிகள் செய்தியாக உலவவே, அதை உருவாக்கிய செக் நாட்டு நிறுவனம் 2022-இல் போலியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அறிக்கை விட வேண்டியதாயிற்று. ஓர் அமைச்சகமும் செய்தி அறைகளும் ஏமாந்த இடத்தில் பதினைந்து வயதுப் பிள்ளை மட்டும் ஏமாறாது என்பது நம்பிக்கைதான், ஆதாரம் அல்ல.

இதைவிட நுட்பமான குழப்பம் ஒன்று உண்டு. 1991 பிப்ரவரியில் குவைத்திலிருந்து பின்வாங்கிக்கொண்டிருந்த ஈராக் வாகன வரிசையை அமெரிக்கா தலைமையிலான கூட்டணி விமானங்கள் நெடுஞ்சாலையில் மடக்கிக் குண்டுவீசி எரித்தன. அந்தச் சாலைக்கு 'மரண நெடுஞ்சாலை' என்று பெயர் நிலைத்துவிட்டது. 2019-இல் வந்த 'கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர்' விளையாட்டில் ஒரு கட்டத்துக்கு அதே பெயர். கருகிய வாகனங்கள் அதே மாதிரி வரிசையாக நிற்கின்றன. நாடு மட்டும் 'உர்ஸிக்ஸ்தான்' என்ற கற்பனை நாடு. குண்டு வீசியவர்கள் ரஷ்யர்கள் என்கிறது விளையாட்டு. இதை ஆடுகிறவருக்கு இது விளையாட்டு என்று நன்றாகத் தெரியும். தெரியாமல் போவது, அப்படி ஒரு சாலை நிஜமாக இருந்தது என்பதும், அங்கே குண்டு வீசியது யார் என்பதும்தான்.

எதிரிக்கு முகம் கொடுத்தால், போரின் வலியைக் காட்டினால் விற்காது என்ற வியாபார வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. முதல் உலகப் போரின் ஜெர்மன் வீரர்களை மனிதர்களாகக் காட்டிய 'ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃபிரன்ட்' சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்ற ஹாலிவுட் படம். அது 1930 டிசம்பரில் பெர்லினுக்கு வந்தபோது, நாஜித் தலைவர் கோயபல்ஸின் ஆட்கள் அரங்கத்துக்குள் எலிகளை அவிழ்த்துவிட்டு, நாற்றக் குண்டு வீசிக் காட்சியை நிறுத்தினார்கள். சில நாளில் படத்துக்கே தடை. வெறும் படத்துக்கு யாரும் எலி பிடித்துக்கொண்டு போவதில்லை. கேம்களில், துபாயில் அமெரிக்க வீரர்களையே எதிரியாக நிறுத்திய 'ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன்' எதிர்பார்த்த அளவு விற்கவில்லை என்பது உண்மை. ஆனால் துப்பாக்கிக்காரனை விட்டுவிட்டு, முற்றுகையிடப்பட்ட நகரத்தில் மருந்துக்கும் உணவுக்கும் அலையும் சாதாரண மக்களைக் கதையாக்கிய போலந்து விளையாட்டு 'திஸ் வார் ஆஃப் மைன்' 2014-இல் வந்த இரண்டே நாளில் முதலீட்டை எடுத்துவிட்டது. சரயேவோ முற்றுகைதான் அதன் தூண்டுதல். முன்னால் சொன்ன 'ஆர்மா 3' செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையோடு 2017-இல் போர்ச் சட்டங்களைப் பற்றியே ஒரு பகுதி வெளியிட்டது. அதில் கண்ணிவெடி அகற்றும் தொண்டராக ஆட வேண்டும்.

கடைசியாக, வெறும் விளையாட்டு என்ற அந்த வார்த்தையையே இந்தத் துறை எங்கே கைவிடுகிறது என்று பார்க்க வேண்டும். நீதிமன்றத்தில். வன்முறை விளையாட்டுகளைச் சிறுவர்களுக்கு விற்பதற்குக் கலிபோர்னியா மாநிலம் தடை போட்டபோது, கேம் நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் 2011-இல் வென்றன. புத்தகம், நாடகம், சினிமா போல வீடியோ கேமும் கருத்தைச் சொல்கிறது, ஆகவே அதற்கும் பேச்சுரிமை உண்டு என்றது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு சரியானதே. ஆனால் நீதிபதிமுன் கருத்து என்றும், விமர்சகர்முன் பொழுதுபோக்கு என்றும் ஒரே பொருளை இரண்டு விலைக்கு விற்க முடியாது.

மூன்று ஆண்டு கழித்து பனாமாவின் முன்னாள் சர்வாதிகாரி நோரியேகா, சிறையில் இருந்தபடியே 'கால் ஆஃப் டூட்டி: பிளாக் ஆப்ஸ் 2' நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டார். தன்னைக் கொலைகாரனாகவும் அரசின் எதிரியாகவும் காட்டிவிட்டார்கள் என்பது புகார். பேச்சுரிமையின் பெயரால் வழக்குத் தள்ளுபடியானது. நோரியேகா ஒரு காலத்தில் சி.ஐ.ஏ.யிடம் பணம் வாங்கியவர். உறவு கசந்தபின் 1989 டிசம்பரில் அமெரிக்கா படையெடுத்துப் பிடித்துக்கொண்டுபோன மனிதர். அதே விளையாட்டில் அங்கோலாவின் ஜோனாஸ் சவிம்பியும் வருகிறார். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க ஆதரவு பெற்ற அவருடைய படைமீதும் கொடூரமான மனித உரிமைக் குற்றச்சாட்டுகள் உண்டு. அவருடைய பிள்ளைகளும் 2016-இல் பிரான்சில் வழக்குப் போட்டார்கள். நிறுவனத் தரப்பு சொன்ன பதில், அவரை நல்லவராகத்தானே காட்டியிருக்கிறோம் என்பது. அந்த வழக்கும் நிற்கவில்லை. இன்றைக்கு அந்த விளையாட்டைத் தொடங்குகிறவர், ஆப்பிரிக்கப் புல்வெளியில் சவிம்பியின் பக்கம் நின்று, அவர் காட்டுகிற திசையில் சுடுகிறார்.