8,957 மாடக்குழிகள்: பிணம் சுமப்பவர்களை வரைந்த பெயாட்ரிஸ் கொன்சாலெஸ்

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவின் மையக் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி நீண்ட, பழைய கட்டடங்கள் சில நிற்கின்றன. தனிக் கல்லறைக்கு வழியில்லாத ஏழைகளின் உடல்கள் இந்தக் கட்டடங்களின் மாடக்குழிகளில்தான் அடுக்கி வைக்கப்பட்டன. பிறகு எலும்புகள் அப்புறப்படுத்தப்பட்டன, குழிகள் காலியாகின. இடித்துவிட்டுப் பூங்கா அமைக்கலாம் என்று நகர நிர்வாகம் திட்டமிட்டது. பூங்கா வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? மறதி பெரும்பாலும் இப்படி ஒரு நல்ல காரியத்தின் வேடத்தில்தான் வருகிறது.

பெயாட்ரிஸ் கொன்சாலெஸ் என்ற ஓவியர் குறுக்கே நின்றார். 2009-இல் 8,957 மாடக்குழிகளையும் பலகைகளால் மூடி, ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்பு நிழலுருவத்தைப் பதித்தார். இருவர் ஒரு பிணத்தைச் சுமந்து போகிறார்கள். ஒன்றில் தூளியில், இன்னொன்றில் பிளாஸ்டிக் விரிப்பில், வேறொன்றில் கம்பில் கட்டி. எட்டே எட்டு உருவங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லாம் செய்தித்தாள் படங்களிலிருந்து எடுத்தவை. ‘பெயரற்ற ஒளிவட்டங்கள்’ என்று அந்தப் படைப்புக்குப் பெயர் வைத்தார்.

அந்த இடத்துக்கு அவர் வந்து சேர்ந்த பாதை நீண்டது. 1932-இல் புகாரமாங்கா நகரில் பிறந்தவர். அவருக்கு 15 வயதாக இருந்தபோது, 1948 ஏப்ரல் 9 அன்று, உழைக்கும் மக்களின் தலைவர் ஹோர்ஹே எலியேசர் கைத்தான் சுட்டுக் கொல்லப்பட்டார். பொகோட்டா பற்றி எரிந்தது. அடுத்த பத்தாண்டுகளில் நாடெங்கும் சுமார் 2 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். கொலம்பியர்கள் அந்தக் காலத்தை ‘வன்முறை’ என்ற ஒற்றைச் சொல்லால் அழைக்கிறார்கள்.

1965-இல் அவரை அடையாளம் காட்டிய ஓவியமும் ஒரு செய்திப் படத்திலிருந்து பிறந்ததுதான். சிஸ்கா அணையில் குதித்து உயிரை விட்ட ஓர் எளிய காதல் இணை, அதற்கு முன் எடுத்துக்கொண்ட நிழற்படம் அது. மலிவான அச்சில் மங்கிப்போன அந்த முகங்களைத் தட்டையான, பளிச்சென்ற வண்ணங்களில் வரைந்தார். தேசிய ஓவியக் கண்காட்சி முதலில் அதை நிராகரித்தது, பிறகு ஏற்றுப் பரிசும் கொடுத்தது. அடுத்து அவர் கட்டில்கள், மேசைகள் மீது வரையத் தொடங்கினார். ஐரோப்பாவின் புனித ஓவியங்கள் சாதாரண வீட்டுச் சாமான்களில் வந்து உட்கார்ந்தன. எது கலை, எது மட்டமான ரசனை என்று தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியை அவர் மேடையேறிக் கேட்கவில்லை, கட்டிலில் வரைந்து கேட்டார்.

அதிபர் துர்பாய் ஆட்சியில், 1978-இல் வந்த பாதுகாப்புச் சட்டம் குடிமக்களை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தியது. சித்திரவதைப் புகார்கள் குவிந்தன. விருந்தில் பாடிக் களிக்கும் அதே அதிபரை, 1981-இல் கொன்சாலெஸ் திரைச்சீலைத் துணியில் அச்சிட்டு மீட்டர் கணக்கில் விற்றார். அதிகாரம் வெறும் வீட்டு அலங்காரமாகித் தொங்கியது. நாடு சிரித்தது.

1985 நவம்பரில் அந்தச் சிரிப்பு நின்றது. எம்-19 கெரில்லாக்கள் நீதி மாளிகையைக் கைப்பற்றினார்கள். இராணுவம் டாங்கிகளுடன் உள்ளே நுழைந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 11 பேர் உட்படச் சுமார் நூறு பேர் இறந்தார்கள். உணவகத் தொழிலாளர்கள் உட்படச் சிலர் காணாமல் ஆக்கப்பட்டார்கள். அவர்களின் குடும்பங்கள் பல பத்தாண்டுகள் நீதிக்காக அலைந்தன. இதன் பிறகு கொன்சாலெஸின் ஓவியத்தில் கேலிக்கு இடமில்லை. அதிபரும் அவர் பரிவாரமும் கூடியிருக்க, முன்னால் கருகிய ஓர் உடல் கிடக்கும் ஓவியத்தை வரைந்தார். 1996-இல் ஃபார்க் கெரில்லாக்கள் லாஸ் டெலிசியாஸ் இராணுவ முகாமைத் தாக்கிச் சிப்பாய்களைச் சிறைபிடித்தபோது, முகத்தைக் கைகளால் மூடி அழும் தாய்மார்களை வரைந்தார். கொன்றது அரசா, அரசை எதிர்ப்பவர்களா என்று பார்த்து அவர் கண்ணீரை அளக்கவில்லை.

ஏழைகளின் சாவைப் படித்த வர்க்கத்து ஓவியர் ஒருவர் படைப்பாக்குவது சரியா என்று தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் பலகைகளை வைத்தே பதில் தேடுவோம். அவற்றில் இரத்தமில்லை, சிதைந்த முகமில்லை, பார்ப்பவரின் ஆர்வத்துக்குத் தீனி இல்லை. எஞ்சியிருப்பது சுமப்பவர்களின் வளைந்த முதுகு மட்டும்தான். சாலையும் வண்டியும் எட்டாத ஊர்களில், தம்மவரின் உடலைத் தாமே தூக்கிப்போகும் மக்களின் உழைப்பு அது. இறந்தவரின் துயரத்தைத் தனதென்று அவர் சொந்தம் கொண்டாடவில்லை. சுமந்தவர்கள் இருந்தார்கள் என்று சாட்சி சொன்னார், 8,957 முறை.

அப்போதும் நகர நிர்வாகம் விடவில்லை. விளையாட்டுத் திடல் என்ற பெயரில் திட்டம் திரும்பி வந்தது. 2019-இல் பண்பாட்டு அமைச்சகம் பாதுகாப்பு அளித்த பிறகே அந்தக் கட்டடங்கள் தப்பின.

கொல்லப்பட்டவர்களின் படங்கள் நம் கைப்பேசிக்கும் நாள்தோறும் வருகின்றன. கோபப்படுகிறோம், பகிர்கிறோம், அடுத்த படத்துக்குப் போகிறோம். கொன்சாலெஸ் செய்தித்தாளை எறியாமல் கத்தரித்து வைத்தார். ஒரே படத்திடம் ஆண்டுக்கணக்கில் திரும்பிப் போனார். ஒடுக்கப்பட்டவர்களின் பக்கம் நிற்கும் எந்த இயக்கத்துக்கும் அந்தப் பொறுமை தேவை. நாளைக்கு இடிக்க வருபவர்களிடம் காட்டுவதற்கு நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும்.