எளிதில் முறியும் எலும்புகள், அசைய வேண்டிய குழந்தைகள்

எலும்புகள் எளிதில் முறியும் பிறவி நோயுள்ள குழந்தையை அழைத்து வரும் பெற்றோர், “இவள் நடப்பாளா, டாக்டர்?” என்று கேட்பதற்கு முன்பே, “நாங்கள் இவளைத் தரையிலேயே விடுவதில்லை” என்று சொல்லிவிடுகின்றனர். இரண்டு வயதுக்குள் மூன்று முறை மாவுக்கட்டுப் போட நேர்ந்த வீட்டில் அந்த அச்சம் இயல்பானதே. ஆயினும் அது குழந்தைக்குத் தீங்கு செய்கிறது என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா எனப்படும் இந்நோயில், எலும்புக்கு வலுத்தரும் கொலாஜன் என்னும் புரதம் மரபணு மாற்றத்தால் குறைவாகவோ பழுதாகவோ உருவாகிறது. (கர்ப்பக் காலத்தில் தாய் உண்டதோ உண்ணாததோ இதற்குக் காரணமல்ல. வீட்டுப் பெரியவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.) எலும்போ, தாங்கும் சுமைக்கும் தசையின் இழுப்புக்கும் ஏற்பவே உறுதி பெறுவது. படுத்தே இருக்கும் குழந்தைக்குத் தசை மெலிகிறது. எலும்பு மேலும் நொய்மையடைகிறது. அடுத்த முறிவு இன்னும் எளிதில் நேர்கிறது. மீண்டும் மாவுக்கட்டு, மீண்டும் படுக்கை. இந்தச் சுழலில் மருத்துவர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கட்டை மேலும் இரண்டு வாரம் நீட்டித்ததுண்டு. இக்குழந்தைகளுக்கும் முறிவு பெரும்பாலும் வழக்கமான காலத்திலேயே கூடிவிடுகிறது. ஆகவே, கட்டு எத்தனை நாள் என்று கேட்கும்போதே, எப்போது அசைக்கத் தொடங்கலாம் என்பதையும் எங்களிடம் கேளுங்கள்.

அசையட்டும் என்பதற்கு, எப்படியும் கையாளலாம் என்று பொருளல்ல. அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும், துணி மாற்றும்போது கணுக்கால்களைப் பிடித்து உயர்த்துவதும் கூடா. பிட்டத்தின் அடியில் உள்ளங்கையை விரித்து, மற்றொரு கையால் தலையையும் தோளையும் தாங்கி எடுக்க வேண்டும். கால்மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, கைகால்களை நீவி இழுத்துக் குளிப்பாட்டும் நம் வழக்கத்தை இக்குழந்தைகளுக்கு அறவே தவிர்க்க வேண்டும். பாட்டிமார்க்கு இதை எடுத்துச் சொல்வது எளிதன்று. அவர்களையும் ஒருமுறை உடன் அழைத்து வாருங்கள், நாங்களே சொல்கிறோம்.

பாமிட்ரோனேட் போன்ற மருந்துகள் எலும்பின் அடர்த்தியைக் கூட்டுகின்றன. வளைந்த தொடையெலும்பை நேராக்கி, வளர்ச்சியோடு நீளும் கம்பியை உள்ளே பொருத்தும் அறுவை சிகிச்சையும் உண்டு. இவை இரண்டும் வாய்ப்பை உருவாக்கித் தருபவை. குழந்தையை நிற்க வைப்பது அன்றாடப் பயிற்சியே. குப்புறக் கிடந்து தலைதூக்குதல், பிறர் பிடிக்காமல் உட்காருதல், இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் இடுப்பளவு நீரில் நடத்தல் என்று அது படிப்படியாக வளரும். நீர் உடலின் எடையைத் தாங்குவதால், தரையில் நிற்க அஞ்சும் குழந்தையும் அங்கே துணிந்து காலெடுத்து வைக்கிறது.

நோய் கடுமையாக உள்ள சிலர் தனித்து நடக்க மாட்டார்கள். அவர்களுக்குச் சக்கர நாற்காலி வாங்குவதைத் தோல்வியாகக் கருதிப் பெற்றோர் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதைக் காண்கிறோம். பத்து வயதிலும் தாயின் இடுப்பிலேயே பள்ளிக்குச் செல்லும் சிறுமி, தோழியரைத் தேடித் தானே போக இயலாது. நாற்காலி இருந்தால் போவாள். வீட்டுக்குள் ஊன்றுநடையுடன் சில அடிகள், வெளியே சக்கர நாற்காலி என்று இரண்டையும் பயன்படுத்தலாம். ஒன்று மற்றதைக் கெடுப்பதில்லை.

பள்ளியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 விழுக்காடும் அதற்கு மேலும் ஊனமுள்ளதாகச் சான்று பெற்ற குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. வகுப்பறையைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தருமாறு கேட்க, தலைமையாசிரியருக்கு எங்கள் கடிதம் தேவையெனில் அடுத்த வருகையின்போது சொல்லுங்கள். அன்றே எழுதித் தருகிறோம்.