மீன் பண்ணையில் பிறந்தது; கடல்சாமந்தி?

கடற்கரை இல்லாத விருதுநகர் மாவட்டத்திலும் உப்புநீர்த் தொட்டி வைத்துக் கோமாளி மீன் வளர்ப்போர் உண்டு. அம்மீனைப் பண்ணையில் பொரிக்கவைக்கும் நுட்பத்தை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் செய்துகாட்டிவிட்டது. ஆனால், மீனுக்குத் துணையாக வாங்கப்படும் கடல்சாமந்தி, மலர்போலத் தோன்றும் அந்த உயிரினம், பெரும்பாலும் கடலிலிருந்து பெயர்த்து எடுக்கப்பட்டதே.

குமிழ்முனைச் சாமந்தி தொட்டியிலேயே இரண்டாகப் பிளந்து பெருகும். கம்பளச் சாமந்தி அவ்வாறு எளிதில் பெருகாது. மெதுவாக வளர்ந்து பல பத்தாண்டுகள் வாழும். அதை எடுத்தால், அண்டி வாழ்ந்த மீன்களும் புகலிடம் இழக்கும்.

அதற்காக முழுத்தடையை நான் ஆதரிக்கவில்லை. 2001-இல் கடல் அட்டை பிடிக்கத் தடை வந்தது. மன்னார் வளைகுடாவில் கடத்தல் ஓயவில்லை, முறையாகத் தொழில் செய்தவரின் வருமானம்தான் நின்றது. பட்டாசுக்கு முழுத்தடை கூடாது என்று சிவகாசி வாதிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் நிபந்தனைகளோடு அனுமதித்தது. கடலோரத் தொழிலாளிக்கும் அதே நியாயம் பொருந்தும்.

பிளந்து பெருகும் இனங்களை வளர்க்கும் பயிற்சியை மீனவக் குடும்பங்களுக்கே முதலில் அளிக்க வேண்டும். பிற இனங்களுக்கு, 21 தீவுகள் கொண்ட தேசியப் பூங்காவுக்கு வெளியே, உச்சவரம்பு வகுக்க வேண்டும். கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்த 2010, 2016 போன்ற ஆண்டுகளில் சேகரிப்பை நிறுத்த வேண்டும். உயிரினம் எங்கிருந்து வந்தது என்பதை விற்பவர் எழுதித் தர வேண்டும்.

வாங்குவோர் அறிய வேண்டியது ஒன்று உண்டு: வேட்டையாடும் மீன் இல்லாத தொட்டியில், கோமாளி மீன் சாமந்தியின்றியும் நலமாக வாழும்.