குடைந்த குழியெல்லாம் கிடங்காகுமோ?



“அணுக்கழிவை ஆழ்நிலத்தில் புதைப்பதைப் பற்றித் தமிழில் எழுதமுடியாது, ஐயா, எழுதினாலும் பொதுமக்களுக்கு விளங்காது” என்று அண்மையில் ஒரு பொறியாளர் என்னிடம் கூறினார். பிறப்பால் அவர் தமிழர்தாம். எழுதமுடியுமா, விளங்குமா என்பதை இக்கட்டுரையைப் படித்துவிட்டு நீங்களே தீர்ப்புரையுங்கள்.

கூடங்குளத்தில் முதல் உலை 2013-இலும் இரண்டாம் உலை 2016-இலும் மின்தொடரோடு இணைக்கப்பட்டன. எரிந்து முடிந்த எரிபொருட் கோல்கள் உலையை அடுத்த நீர்த்தொட்டிகளில் கிடக்கின்றன. அவற்றிலுள்ள புளுத்தோனியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 24,000 ஆண்டுகளாகும். இந்நஞ்சை எங்கே வைப்பது? உலையைக் கட்டுமுன் கேட்டிருக்கவேண்டிய வினா இது. உலை எரியத் தொடங்கிய பின்னும் விடையில்லை. 2013 மே 6-இல் தீர்ப்புரைத்த உச்ச நயன்மன்றம், உலைக்கு அப்பால் ஒரு சேமிப்பகத்தை ஐந்தாண்டுக்குள் அமைக்கச் சொன்னது. ஆழ்நிலக் கிடங்குக்கான பணியையும் விரைந்து தொடங்கச் சொன்னது. 2018-இல் ஐந்தாண்டும் கழிந்தது. தில்லியார் காலநீட்டிப்புக் கேட்டுப் பெற்றனர்.

அவ்வழக்கு நடந்துகொண்டிருந்த 2012 நவம்பரில் கோலார்ப் பொன்சுரங்கத்தின் பெயர் அடிபட்டது. கோலார் மக்கள் கொதித்தெழுந்தனர். உடனே, அப்படியொரு திட்டமே இல்லை என்று தில்லியார் மறுத்தனர். வெட்டிப்போட்ட குழி ஒன்று வெறுமனே கிடக்கிறது, அதில் கொட்டிவிடலாம் என்னும் எண்ணம் எவர் நெஞ்சில் தோன்றியிருப்பினும் அவர் பாறையை அறியாதவர். அல்லது அறிந்தும் மக்களை ஏமாற்றுபவர்.

பாறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். நிலத்தடிப் பாறை ஓய்ந்து கிடப்பதில்லை. மேலுள்ள பாறையின் எடை அதை அழுத்துகிறது. பக்கங்களிலிருந்தும் அழுத்தம் வருகிறது. இதற்குத் தகைவு என்று பெயர். பழம்பாறை நிலங்களில் பக்கத் தகைவு மேலிருந்து வருவதினும் மிகுவதுண்டு. அங்கே ஒரு குடைவு தோண்டினால், தோண்டியெடுத்த பாறை தாங்கிநின்ற சுமை குடைவின் ஓரத்துக்குத் தாவுகிறது. ஆற்று நடுவே தூண் நட்டால் நீர் இருமருங்கும் நெருக்கியோடுவதைப் போல. ஓரத்துப் பாறை தாங்கினால் குடைவு நிற்கும். தாங்காவிடில் பொருக்குப் பொருக்காக உதிரும்.

கனடா நாட்டு மானிட்டோபாவில் 420 மீட்டர் ஆழத்தில் ஒரு வன்பாறையில் இதனை ஆய்ந்து பார்த்தனர். 1990-களின் தொடக்கத்தில் 3.5 மீட்டர் குறுக்களவுள்ள வட்டக் குடைவை, வெடிவைக்காமல், துளையிட்டும் பிளந்தும் மெல்ல மெல்ல வெட்டினர். மிகப்பெருந் தகைவு குறுக்கே தாக்குமாறு வேண்டுமென்றே திசை வகுத்தனர். அங்கே விரல்நகம் அளவான பரப்பின்மீது ஏறத்தாழ 600 கிலோ எடைக்கு ஈடான தகைவு இருந்தது. குடைவின் மேல்விளிம்பில் அது ஏறத்தாழ 1,700 கிலோவாகப் பெருகும் என்பது கணக்கு. அப்பாறையின் சிறு துண்டை ஆய்வகத்தில் நசுக்கியபோதோ 2,000 கிலோவுக்கு மேல் தாங்கியிருந்தது. ஆகவே குடைவு நிற்கவேண்டுமன்றோ? நிற்கவில்லை! மேலும் கீழும் ஆப்பு வடிவில் பாறை பொருக்கடித்து உதிர்ந்தது. துண்டுக் கல் காட்டும் வலிமையில் பாதியைச் சற்றே தாண்டியதும் குடைவின் ஓரம் உடையத் தொடங்கியதைக் கண்டனர். அதே ஆழத்தில், தகைவின் போக்கறிந்து, நீள்வட்டமாக வெட்டிய குடைவுகள் உறுதியாக நின்றன.

ஆகவே கிடங்குக் குடைவை எத்திசையில் ஓட்டுவது, எவ்வடிவில் வெட்டுவது, எந்த விரிசலை விலக்குவது என்பனவெல்லாம் தோண்டுமுன் அளந்து முடிவுசெய்ய வேண்டியவை. கழிவு வெப்பத்தை உமிழ்வதால் பாறை விரிந்து தகைவு பின்னும் ஏறும். ஓரத்தில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றினால் அவையே நஞ்சு கசியும் நீர்வழிகளாகிவிடும்.

கோலார்க் குழிகள் எவ்வாறு தோண்டப்பட்டன? பொன் ஓடிய வழியே தோண்டப்பட்டன. நல்ல பாறையைத் தேடியன்று. மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில், தகைவு தாங்காத பாறை பீரங்கிபோல் வெடித்து ஆள்களைக் கொன்றது. அங்கே மாண்டோரும், கல்தூள் நுரையீரலை அடைத்து இருமி இருமி இறந்தோரும் பெரும்பாலும் வட ஆர்க்காட்டிலிருந்தும் அண்டைப் பகுதிகளிலிருந்தும் போன நம் தமிழ்த் தொழிலாளர்கள். 2001-இல் சுரங்கத்தை மூடியபின் குழிகளில் நீர் நிரம்பியது. 1980-களில் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் பாறையைச் சூடேற்றி அணுவாற்றல் துறையினர் அங்கே ஆய்வு நடத்தியது உண்மையே. ஆய்வு வேறு, கிடங்கு வேறு.

பழஞ்சுரங்கத்தில் கழிவைக் கொட்டினால் என்னாகும் என்பதற்குச் செருமனியின் ஆசே உப்புச் சுரங்கம் சான்று. 1967 முதல் 1978 வரை ஏறத்தாழ 1,26,000 உருளைகளை அங்கே இறக்கினர். உப்பெடுத்த அறைகள் வெறுமையாய் நின்றதால் சுற்றுப்பாறை நெளிந்தது. 1988 முதல் உப்புநீர் நாள்தோறும் உள்ளே புகுகிறது. இறக்கியவற்றை மீண்டும் வெளியே எடுக்க 2013-இல் சட்டமே இயற்றினர்.

நம்மவரிடமும் ஒரு குறையுண்டு. தேனி நியூத்திரினோ ஆய்வகத்தை அணுக்கழிவுக் கிடங்கு என்று மேடைகளில் முழங்கினோர் அதற்குச் சான்று காட்டவில்லை. சான்றில்லாத முழக்கம் தில்லியார்க்கே துணைபோகும்.

இனிப் பின்லாந்தைப் பாருங்கள். அங்கே இடத்தேர்வு 1983-இல் தொடங்கியது. ஊர்மன்றம் வேண்டாமென்றால் அரசும் மீறமுடியாது என்பது அந்நாட்டுச் சட்டம். ஒல்கிலுவோட்டோத் தீவில் 2004-இல் தோண்டத் தொடங்கி, ஏறத்தாழ 430 மீட்டர் ஆழத்தில், ஏறத்தாழ 190 கோடி ஆண்டு முதுமையுள்ள பாறையில் குடைவுகள் வெட்டினர். செம்புக் கலத்துள் கழிவையிட்டு, நீர்பட்டால் உப்பும் களிமண்ணால் சுற்றிலும் அடைப்பது அவர்கள் முறை. அக்கிடங்குக்கு இட்ட பெயர் ‘ஓங்கலோ’. அவர்கள் மொழியில் அதற்குக் குழிவு, பொள்ளல் என்று பொருள். நாட்டின் மக்கள்தொகை 56 நூறாயிரம்! சென்னை நகரத்தாரினும் குறைவு! அன்னோர் தம் மொழியில் பாறையியல் பேசுகின்றனர். சிலப்பதிகாரத்திலேயே சுருங்கை என்னும் சொல்லை ஆண்ட நாம் வாய்மூடிக் கிடக்கிறோம். தகைவு, திரிபு, பொருக்கு, கசிவு, குடைவு: இவற்றுள் எந்தச் சொல் கிணறுவெட்டும் உழவனுக்கு விளக்கமுடியாதது?

விளங்காமலிருப்பதே சிலர்க்கு நலம். விளங்கிவிட்டால் வினா எழும்.

கூடங்குளச் சேமிப்பகத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் 2019 சூலையில் அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பெழுந்ததும் நிறுத்தப்பட்டது. மீண்டும் அதைக் கூட்டுவதாயின், கழிவு எத்தனை ஆண்டு அங்கே இருக்கும், பின்னர் எந்தப் பாறைக்குப் போகும், அப்பாறையின் தகைவை யார் அளந்தார், ஊரார் மறுத்தால் ஏற்பார்களா என்பவற்றுக்கெல்லாம் விடையெழுதிய முழு அறிக்கையைத் தமிழில் அச்சிட்டு, கூட்டத்துக்கு ஒரு திங்கள் முன்னதாக இடிந்தகரையிலும் கூடங்குளத்திலும் வீடுதோறும் கொடுக்கவேண்டும். இதனைக் கேட்டு நெல்லை மாவட்ட ஆட்சியர்க்கு இன்றே மடல் எழுதுங்கள், தமிழில் எழுதுங்கள்.