ஐயாயிரத்துக்குக் கீழே

2016 ஆகஸ்ட் 8ஆம் தேதி இரவு சேலத்திலிருந்து சென்னை எழும்பூருக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ் ரயிலில், ரிசர்வ் வங்கிக்குப் போகவேண்டிய பழைய நோட்டுகள் சுமார் 342 கோடி ரூபாய்க்கு இருந்தன. மறுநாள் பெட்டியைத் திறந்தால் கூரையில் ஆள் இறங்குமளவுக்கு ஓட்டை. 5.78 கோடியைக் காணோம். இரண்டு வருடம் கழித்து மத்தியப் பிரதேசக் கும்பல் ஒன்றை சி.பி.சி.ஐ.டி. கைது செய்தது. எங்கள் பக்கத்தில் இன்றும் அதற்கு ‘ரயில் கொள்ளை’ என்றுதான் பேர். ஆனால் அங்கே யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஆளை அடிக்காமல், பயமுறுத்தாமல் எடுத்தால், போனது எத்தனை கோடியானாலும் சட்டத்தில் அது திருட்டு.

2024 செப்டம்பர் 27 அன்று குமாரபாளையம் பக்கம் நடந்தது வேறு ரகம். திருச்சூரில் மூன்று ஏ.டி.எம். இயந்திரங்களை உடைத்துப் பணத்தை அள்ளிய கும்பல், காரையே கன்டெய்னர் லாரிக்குள் ஏற்றிக்கொண்டு நம் நாமக்கல் மாவட்டத்துக்குள் வந்தது. போலீஸ் விரட்டிப் பிடித்தபோது நடந்த மோதலில் கும்பலில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இப்படிப்பட்ட வழக்கில் நீதிமன்றம் ஒரு கேள்வி கேட்கும்: திருடிய பொருளைக் கொண்டுபோவதற்காகவே அடித்தார்களா, தப்பி ஓட மட்டும் அடித்தார்களா? முதலாவது என்றால் திருட்டே கொள்ளையாகிவிடும். ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் கூட்டுக் கொள்ளை, ஆயுள் தண்டனை வரை போகலாம்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணத் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை. செயின் பறிப்புக்கு 304 என்று தனிப் பிரிவே வந்துவிட்டது. வீட்டிலோ, பொருள் வைக்கும் கட்டடத்திலோ, பஸ், ரயில், லாரியிலோ திருடினால் ஏழாண்டு வரை. சம்பளத்துக்கு வைத்த ஆளே முதலாளி பொருளை எடுத்தாலும் ஏழாண்டுதான். இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் வழிப்பறி செய்தால் பதினான்கு வரை. ஆளுக்கு என்ன ஆபத்து, எந்த இடம், யாருடைய நம்பிக்கை கெட்டது என்று பார்த்துத்தான் இப்படிப் பிரித்திருக்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

நான் ஒப்புக்கொள்ளாதது ஒன்று உண்டு. பொருளின் மதிப்பு ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவு, ஆள் முதல் தடவை தண்டனை பெறுகிறவன், பொருளையோ பணத்தையோ திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால் ஜெயில் இல்லை, சமூக சேவை போதும் என்கிறது 303ஆம் பிரிவு. பசிக்குத் திருடிய பையனைச் சிறைக்கு அனுப்பாததை மனதார வரவேற்கிறேன். ஆனால் கூடவே வந்த நடைமுறைச் சட்டத்தின் அட்டவணை, ஐயாயிரத்துக்குக் குறைந்த திருட்டை போலீஸ் தானாக விசாரிக்க முடியாத குற்றங்களின் வரிசையில் வைத்துவிட்டது. மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் விசாரணை கிடையாது. பழைய சட்டத்தில் திருட்டு என்றாலே, தொகை எவ்வளவானாலும், ஸ்டேஷனில் எப்.ஐ.ஆர். போடலாம்.

திருடன் முதல் தடவைக்காரனா, திருப்பிக் கொடுப்பானா என்பதெல்லாம் அவனைப் பிடித்த பிறகு தெரியவேண்டிய சங்கதி. பிடிப்பதற்கே வழி இல்லாமல் செய்துவிட்டு அவனுக்கு எந்தச் சலுகையைக் கொடுப்பது?

இதில் அடிபடுகிறவர் யார் என்று நம் ஊர்களைச் சுற்றிப் பார்த்தால் தெரியும். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவரின் பழைய சைக்கிள், நான்கு நாட்டுக்கோழி, ஒரு வெள்ளாட்டுக் குட்டி, செம்புக்காக அறுத்துப்போகும் கிணற்று மோட்டார் கேபிள். இவற்றில் பலதும் ஐயாயிரத்தைத் தொடாது. வசதியுள்ளவருக்குச் சில்லறை, இவருக்கு அது ஒரு மாத வீட்டுச் செலவு. நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாவை, மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்கி வரச் சொன்னால், கூலியை விட்டுவிட்டு அவர் எத்தனை நாள் அலைவார்?

விவசாயிகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். மோட்டார் ரூமுக்குள் இருந்து பொருள் போயிருந்தால் அது 305ஆம் பிரிவில் வரும். அங்கே மதிப்பு ஒரு பொருட்டில்லை. அதனால் ரூம் இருந்ததையும் பூட்டு உடைந்ததையும் புகாரில் தெளிவாக எழுதுங்கள். பொருளின் இன்றைய விலையைப் பில்லோடு காட்டுங்கள். சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள்.

2025 ஜனவரியில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்காகத் தமிழக சட்டமன்றம் இந்தப் புதிய சட்டங்களையே திருத்தும் மசோதாவை நிறைவேற்றியது. குற்றவியல் நடைமுறை பொதுப்பட்டியலில்தான் இருக்கிறது. ஏழையின் சைக்கிளுக்காகவும் அதே சட்டமன்றம் அட்டவணையில் அந்த ஒரு வரியைத் திருத்தவேண்டும். சேலம், நாமக்கல் எம்.எல்.ஏ.க்கள் அடுத்த கூட்டத்தொடரிலேயே இதை எழுப்பவேண்டும்.